காதுக்குள் ஒரு ரசிகை

எங்கள் கல்லூரிக் கபடி அணியின் செயலியில் அதிகமாகக் கைதட்டும் ரசிகருக்கு ஒரு பரிசு உண்டு. இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டில், பாடிப் போகிறவனின் காதுக்கருவியில் அவர் நேரடியாகப் பேசலாம். அரங்கத்துக்கே அது கேட்கும்.

இந்த ஆண்டு வென்றவர் இசக்கியம்மாள். மாவரைக்கும்போதும் பஸ்ஸில் நின்றபோதும் கைபேசித் திரையைத் தட்டித் தட்டிக் கைதட்டல் அனுப்பியவர். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் சுடலைமணியைப் பெற்றவரும் அவர்தான்.

இறுதி ஆட்டம் சமநிலையில் நின்றது. ஒரு புள்ளி எடுத்தால் கல்லூரிக்கு முதல் கோப்பை. பயிற்சியாளர் தனராஜ் இசக்கியம்மாளைப் போனில் பிடித்தார்.

“யக்கா, அவனுக்கு வீரம் வர்ற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“எம்புள்ளைக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாதா தம்பி?”

சுடலைமணி “கபடி, கபடி” என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய், எதிரணியில் ஒருவனைத் தொட்டும் விட்டான். பாட்டை நிறுத்தாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால் வெற்றி. இன்னும் இரண்டடிதான் பாக்கி. அப்போது காதுக்குள் குரல் வந்தது.

“ஏய்யா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா” என்றான் சுடலைமணி.

பாட்டு நின்றுபோனது. நடுவர் விசில் ஊதி அவனை வெளியேற்றினார். புள்ளி எதிரணிக்குப் போனது, கோப்பையும் போனது. அரங்கமே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது.

“பொய் சொல்லாதய்யா. குரலே கம்மிக் கெடக்கு.”