மணிக்கட்டுப் பட்டை

அமெரிக்காவின் ஒஹாயோவில், காலி மைதானமொன்றில் ஞாபகசக்தி மாத்திரைக்கு விளம்பரம் எடுக்கிறார்கள். ஒருகாலத்தில் அமெரிக்கக் கால்பந்தில் அணியை நடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக்காக இருந்து, சினிமாவிலும் தன் பெயரிலேயே தலைகாட்டிய வெண்டல் ஹாக்ஸ்ட்ரா, தொப்பையில் இறுகிய பழைய சட்டையும் முகம் நிறையப் பவுடருமாக விளக்கொளியில் நிற்கிறார். அவர் சொல்ல வேண்டியது "எனக்கு எல்லாமே ஞாபகமிருக்கு" என்ற ஒரே வரிதான்; அது வரவில்லை. "அவசரமில்ல தலைவரே," என்கிறார் இயக்குநர், கடிகாரத்தைப் பார்த்தபடி. தள்ளி நிற்கும் மனைவி லொரெய்ன் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறாள். அந்த நாளில் ஆட்டத் திட்டங்களை எழுதி அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட பட்டையில் இன்று அவள் கையெழுத்து. அந்த வரி கடைசியில் இருக்கிறது. அவர் பந்தை வீசும்முன் செய்வதுபோல விரலை நக்கிக்கொண்டு, அணியையே அதட்டிய அதே குரலில், மேலிருந்து வாசிக்கிறார்: "உங்க பேரு வெண்டல். பச்சைக் கோட்டுல நிக்கிறது நான், உங்க பொண்டாட்டி. பயப்படாதீங்க." கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்த 'பயப்படாதீங்க' நல்லாருக்குப்பா, அத மட்டும் வெச்சுக்கலாம்," என்கிறார் மாத்திரைக் கம்பெனிக்காரர். வெண்டல் தலைநிமிர்ந்து, படப்பிடிப்புக்காரர்கள் நடுவே பச்சைக் கோட்டைத் தேடுகிறார்.