இனிமே சத்தம் வராது

டும், டும், டும், டும். மேலே ஆரம்பித்துவிட்டான்.

அக்காக்காரி காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிவிட்டுக் கூரையை முறைத்தாள். காலையில்தான் தம்பி சிரித்துக்கொண்டே, "இனிமே சத்தம் வராதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாக்கு ஒரு பகல் தாங்கவில்லை.

அவனுக்கு வீட்டில் பெயர் டீசர். வந்த படத்தைச் சீந்தமாட்டான். வரப்போகிற படங்கள்மேல்தான் உயிர். எந்தப் படம் எந்த வெள்ளிக்கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், சொந்த இன்டர்வியூ தேதி மட்டும் மறந்துபோகும்.

அது போதாதென்று ஹவுஸ் மியூசிக் என்கிற டும் டும் பாட்டு வேறு. வெளிப்படி ஏறிப் போகும் மேல்மாடி ஒற்றை அறையின் சுவரிலும் கதவிலும் தடிமனாக ஸ்பாஞ்சு ஒட்டி வைத்திருந்தான். பாடுகிறவள் எவ்வளவு கத்தினாலும் குரல் வெளியே வராது. அடித்தாளம் மட்டும் தரை வழியாக இறங்கி அக்காவின் மேஜையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை நடுங்க வைக்கும்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர். போன வாரம் படியேறி வந்தவர், ஹவுஸ் மியூசிக் ஹவுஸ் மியூசிக் என்று உன் தம்பி கடைசியில் ஹவுஸையே காலி பண்ண வைத்துவிடுவான் போலிருக்கிறதே என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டால் மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். மறுபடியும் அந்த அலைச்சல் அவளால் ஆகாது.

போன் கம்பெனிக்கு வருகிற புகார்களை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்வது அவள் வேலை. முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஷிப்டு முடிகிறவரை நாற்காலியை விட்டு எழ முடியாது. உட்கார்ந்தபடியே ஒட்டடைக்கம்பை எடுத்துக் கூரையில் இரண்டு இடி இடித்தாள்.

மேலே தாளம் இன்னும் வேகம் பிடித்தது. கொழுப்பைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லைனில் இருந்த பெரியவர், நெட் வராத கதையை நடுவில் நிறுத்தினார். "யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கேம்மா. போய்ப் பாத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்."

"கதவு இல்லீங்க, அது பாட்டு," என்றாள். இந்தக் காலத்தில் இதெல்லாம் பாட்டா என்று அவர் அலுத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

மேஜையில் தம்பியின் போன் துள்ளியது. மத்தியானம் சாப்பிட்டதும் அதைச் சார்ஜில் போட்டு, இழுப்பு வந்தால் அடித்துக்கொள்ளும் இன்ஹேலரையும் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அறையைத் தூசி தட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன். ஒரு வருஷமாக அவன் காத்திருக்கும் படத்தின் ட்ரெய்லர் ஆறு மணிக்கு வருகிறது. ஹவுஸ் மியூசிக் போடும் ஒருவனைப் பற்றிய கொலைக் கதையாம். அதுவரை உலகத்தில் வேறு எதுவும் நடக்கக் கூடாது. அறைக் கதவின் உள்கைப்பிடி கழன்று ஆடுகிறது, ஆளைக் கூப்பிடு என்று அவள் கரடியாகக் கத்தியபோதும், ட்ரெய்லர் வரட்டும் என்றுதான் சொன்னான்.

"டேய், ட்ரெய்லர் வந்துடுச்சு. எங்கடா இருக்க?" சினேகிதர்களின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவன் இறங்கி வரவில்லை. பாட்டைப் போட்டால் ஊரே எரிந்தாலும் தெரியாதே, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தாளம் தளர்ந்தது. ஹவுஸ் மியூசிக்கில் நாலு அடியும் ஒரே சீராக விழும், கடைசிவரை தளராது என்று அவளுக்குப் பாடம் நடத்தியவனே அவன்தான். இதுவோ விட்டு விட்டு விழுந்தது. ஒரு டும். வெகு நேரம் கழித்து இன்னொரு டும். ஏதோ புது ரகம் போலிருக்கிறது.

பிறகு நின்றே போனது.

அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். ஷிப்டும் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைக்கும்போது வாசல் மணி அடித்தது.

வீட்டுக்காரர். அவர் வாயைத் திறப்பதற்குள், சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சிரமத்துக்கு வருந்துவதாகவும், இதுதான் கடைசி என்றும், இன்றைக்கே அந்த ஸ்பீக்கரைத் தூக்கிக் குப்பையில் போடுவதாகவும், வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்ல வேண்டாம் என்றும்.

வீட்டுக்காரர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். மேலே இவ்வளவு நேரமாக எதைப் போட்டு உடைக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார்.

"அக்காவுக்கு வீடு போயிடக் கூடாதுன்னு, ஸ்பீக்கர் ரெண்டையும் காலையிலேயே உன் தம்பி என்கிட்ட குடுத்துட்டானேம்மா."