லிஃப்ட் குழியின் எதிரொலி

சிவப்பு விளக்கு எரிந்தது. இசை விமர்சகருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வானொலியில் நேரடி ஒலிபரப்பு. அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை அறைக்குள் யார் இருமினாலும் ஊருக்கே கேட்கும். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

எதிர் நாற்காலியில் எண்பத்து மூன்று வயது ஒலிப்பதிவாளர். ஊரே பித்துப்பிடித்துக் கேட்ட அந்த ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தவர். நாற்பது வருடமாக யாருக்கும் பேட்டி கொடுக்காதவர் இன்று பார்த்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, மைக் கடிக்காது. கிட்ட வாங்க" என்றார் அவர்.

தொகுப்பாளினி சிரித்தாள். விமர்சகரும் சிரித்து வைத்தார்.

அவருடைய பயமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் டிரம் இரண்டு முறை அதிரும். இரண்டாவது அதிர்வுக்குப் பிறகு ஆறு விநாடிக்கு எதிரொலி.

எதிரொலி பெரிய மாயமொன்றும் இல்லை. சத்தம் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வருகிறது. சுவர் தள்ளியிருந்தால் தாமதமாக வரும். திரைச்சீலையும் மெத்தையும் இருந்தால் அவை பாதியைக் குடித்துவிடும். வெறும் சிமென்ட் என்றால் அப்படியே திருப்பிக் கொடுக்கும், மறுபடி முட்டும், மறுபடி கொடுக்கும். ஆறு விநாடி நீள வேண்டுமென்றால் பெரிய, காலியான, கெட்டிச் சுவர்கள் உள்ள இடம் வேண்டும்.

ஸ்டுடியோவோ எட்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியது.

அப்படியென்றால் அந்தச் சத்தம் எங்கே எடுக்கப்பட்டது?

இருபத்து நான்கு வயதில், கட்டுரை அச்சுக்குப் போக மூன்று மணி நேரமே இருந்தபோது, கட்டடத்துக் காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பிய பிறகு, விமர்சகர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். தன் தலைக்குள்.

'டிரம்மை லிஃப்ட் குழியின் அடியில் வைத்து, எட்டாவது மாடியிலிருந்து மைக்கைக் கயிற்றில் இறக்கினார்கள்.'

எழுதிப் பார்த்தார். நன்றாக இருந்தது. அச்சில் இன்னும் நன்றாக இருந்தது.

அந்த வாக்கியத்தின் மேல்தான் அவருடைய புத்தகமே எழுந்தது. வேலை கிடைக்காமலும் ஊரடங்கில் முடங்கியும் கிடந்த அந்தக் காலத்து இளைஞர்கள் எல்லோரும் ஏதோ ஒரு குழியின் அடியில் நின்று மேலே பார்த்துக் கத்தியவர்கள். அந்தக் கத்தலுக்குக் கிடைத்த உருவம்தான் இந்த ஆறு விநாடி என்று வாதிட்டார். பதினோரு பதிப்புகள் வந்தன. கல்லூரிகளில் பாடமானது. அவருக்குப் பின்னால் அந்தக் குழுவைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் லிஃப்ட் குழிக்குள் ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் மேலே வந்தார்கள்.

குழுவில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தொகுப்பாளினி பாட்டின் கடைசிப் பகுதியைப் போட்டாள். இரண்டு அதிர்வு. ஆறு விநாடி.

கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். விமர்சகர் கதவைப் பார்த்தார். சத்தம் நுழையாமலிருக்க விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த கனத்த கதவு. உள்ளிருந்து திறக்க இரண்டு கையும் வேண்டும்.

"சார், அந்த லிஃப்ட் கதை நிஜமாவே நடந்துச்சா? இல்ல, ரசிகர்கள் கிளப்பி விட்டதா?"

விமர்சகர் அவசரமாக ஒரு சாக்குத் தேடினார். தகவல் பிழை என்று சொல்லலாம். யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். யார் என்று கேட்பார்களே.

"நடந்துச்சாவா?" கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டாவது மாடியில கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தாம்மா! உள்ளங்கைத் தோலெல்லாம் உரிஞ்சுபோச்சு."

விமர்சகருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

தோல் உரிந்த விவரம் முதல் பதிப்பில் கிடையாது. ஐந்தாம் பதிப்பில், வாசிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று அவரே சேர்த்தது.

இந்த மனிதர் எதற்காக என்னைக் காப்பாற்றுகிறார்? பதிலுக்கு என்ன கேட்பார்? மிச்ச இருபது நிமிடமும் விமர்சகர் அந்தக் கேள்வியையே புரட்டிக்கொண்டிருந்தார். தன் முறை வந்தபோது என்ன பேசினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவரின் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் விமர்சகரின் புத்தகம். முதுகு பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது.

"ரொம்ப நன்றி சார். மூணு வருஷமா அப்பாவுக்கு எதுவுமே மனசுல நிக்கிறதில்ல. சில நாள் என்னையே யாரும்மா நீன்னு கேப்பாரு. பழைய விஷயங்களைப் படிச்சுக் காட்டுங்கன்னு டாக்டர் சொன்னாரு. தினமும் காலையில உங்க புத்தகம்தான்."

கிழவர் ஹெட்போன் கம்பியைப் பொறுமையாக, சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கை மட்டும் தொழிலை மறக்கவில்லை.

"அவரா எதுவும் சொல்றதில்லையா?" என்று கேட்டார் விமர்சகர்.

"ஆரம்பத்துல சொல்லுவாரு. மொட்டை மாடியில காலியா கிடந்த தண்ணித் தொட்டி, அதுக்குள்ள ஏணி வெச்சு டிரம்மை இறக்கினோம், அப்படி இப்படின்னு தப்புத் தப்பா." அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நான் விடமாட்டேன் சார். உடனே பக்கத்தைத் திறந்து திருத்திடுவேன். இப்பல்லாம் தப்பே வர்றதில்ல."