வெல்வெட் உறை போட்ட மீட்டர்

மணி மூன்றே கால். நான்கு மணிக்குப் பழைய இரும்புக்காரரின் வண்டி வந்துவிடும். அதற்குள் இந்தக் கட்டை பிளந்தாக வேண்டும்.

தையல்காரன் லீவரைத் தள்ளினான். காயலான் கடை இரும்பில் அவனே வெல்டிங் அடித்துச் செய்த விறகு பிளக்கும் இயந்திரம் தடதடத்தது. ஆப்பு ஜோராகப் போய்க் கட்டையைத் தொட்டது, ஒரு விரற்கடை இறங்கியது. அவ்வளவுதான். அதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, கட்டைக்குக் கிச்சுகிச்சு மூட்டுறீங்களா?" என்றார் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த மாமனார்.

மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்டே விரல்களை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் பம்பும் பிரஸ்ஸும் பழுது பார்த்தவர். மீதி இரண்டு எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வாயில் எந்நேரமும் ஒரு தீக்குச்சி, மெல்வதற்கு. ஊசி பிடிக்கிற கைக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்பது அவருடைய தினசரிப் பாட்டு.

எதற்கா? உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாளே அவர் பெற்ற மகள், அவளுக்காக. ரொட்டி அடுப்புக்கு ஆறு வருஷமாக அவள்தான் விறகு பிளந்தாள். வலது தோள் போயே போய்விட்டது. இனி கோடாலியைத் தொட்டால் மாவு பிசையக்கூட முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தையல்காரன் கோடாலி பிடித்துப் பார்த்தான். கட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் அது விழுந்தது.

அதனால்தான் இந்த இயந்திரம். அதுவோ மூன்று வாரமாக மானத்தை வாங்குகிறது.

போன வாரம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, சனிக்கிழமை நாலு மணிக்குள் பிளக்காவிட்டால் நானே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லித் தொலைத்தான். அவன் வாயை மூடுவதற்குள் மாமனார் வண்டிக்கு போன் போட்டுவிட்டார்.

அவன் பார்க்காத இடமில்லை. ஆயிலை மாற்றினான். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினான். ஹோஸில் காற்று புகுந்திருக்குமோ என்று ஒவ்வொரு மூட்டாக இறுக்கினான். பிரஷர் வால்வை மட்டும் தொடவில்லை. அது மாமனார் கையால் பொருத்திக் கொடுத்தது. வாய் கேலி பேசினாலும் கை கொடுப்பதில் குறை வைக்காதவர். பக்கத்திலேயே அவர் தந்த, பிரஷர் காட்டும் மீட்டரும் இருக்கிறது. அதன் முள் இரண்டாயிரத்து ஐந்நூறில் கம்பீரமாக நிற்கும்போது பிரஷர் குறைவு என்று யார் நினைப்பார்கள்?

அந்த மீட்டருக்கு அவன் கொடுத்த மரியாதையே தனி. தூசி படக்கூடாதென்று சிவப்பு வெல்வெட்டில் ஓரம் மடித்து, நாடா வைத்து, ஓர் உறை தைத்திருந்தான். எஞ்சின் கிளம்பிய பிறகுதான் உறையைக் கழற்றுவான். நிறுத்துவதற்கு முன் மறக்காமல் மாட்டிவிடுவான். புத்தி அப்படி.

மாமனார் டீ குடிக்க உள்ளே போனார். எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றுபோனது.

பெட்ரோல் காலி.

தலையில் அடித்துக்கொண்டு உறையை மாட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

எஞ்சின் அணைந்து கிடக்கிறது. முள் இரண்டாயிரத்து ஐந்நூறில் நிற்கிறது.

சுண்டிப் பார்த்தான். அசையவில்லை.

அட ராமா! செத்துப்போன மீட்டருக்கா மூன்று வாரமாக வெல்வெட் சட்டை போட்டு அழகு பார்த்தோம்! சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே பெட்ரோல் ஊற்றினான், பாதி தரையில் போயிற்று. எஞ்சினைக் கிளப்பினான். கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி, பிரஷரைக் கூட்ட வால்வுத் திருகை அரைச் சுற்று உள்ளே முறுக்கினான். லீவரைத் தள்ளினான். இன்னும் அரைச் சுற்று. மூன்றாவது தடவை எஞ்சின் முதல்முறையாக முக்கியது.

படார்!

கட்டை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

தையல்காரன் குதித்த குதியில் ஒரு செருப்பு வேலியைத் தாண்டியது. மாவுக் கையோடு ஓடிவந்த மனைவியை, நோகிற தோளை விட்டுவிட்டு, இடது கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினான். "பிளந்துடுச்சுடி! பிளந்தே போச்சு!" மீசையெல்லாம் மாவு. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

சத்தம் கேட்டு மாமனார் வெறுங்காலோடு ஓடிவந்தார். கட்டையை அவர் பார்க்கவே இல்லை. நேரே போய் எஞ்சினை அணைத்தார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் வெடுக்கென்று பிடித்து விரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். பத்து. நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

தையல்காரனுக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"சனியன், எஞ்சின் நின்னும் இந்த முள்ளு ஏன் இறங்கல?" என்று மீட்டரின் கண்ணாடியை நகத்தால் நெம்பித் திறந்தாள் மனைவி. முள்ளுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மென்று மென்று நாராகிப்போன தீக்குச்சித் துண்டு.

அவள் அப்பாவைப் பார்த்தாள். தையல்காரன், தன் பத்து விரல்களை இன்னும் விடாமல் பிடித்திருந்த அந்த எட்டு விரல்களைப் பார்த்தான்.

"ரெண்டு விரல் போன அன்னைக்கு எனக்கு ஒரு கை சும்மா இருந்துச்சு, மாப்பிள்ளை," என்றார் மாமனார். "ரெண்டு லீவர் வெச்சுத் தர்றேன். ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் ஆப்பு நகரணும்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

பிடித்த கையை விடாமலே மாமனார் தெருப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இங்க பழைய இரும்பு ஒண்ணும் இல்லப்பா! போ, போ!"