வெள்ளி நாக்கு

“வெள்ளியில ஒரு நாக்கு அடிச்சித் தரணும், ஆசாரி.”

ராசையா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். திருவொற்றியூரில் அவர் பட்டறைக்கு வந்து வேண்டுதலுக்குக் கண் கேட்டவர்கள் உண்டு, கால் கேட்டவர்கள் உண்டு. ஒரு மனிதர் தொப்பையோடு வயிறுகூடச் செய்து வாங்கிப் போயிருக்கிறார். நாக்கு கேட்டு யாரும் வந்ததில்லை.

“யாருக்கு நைனா?”

“எம் பொண்டாட்டிக்கி. மாதா கோயில்ல வைக்கிறதா வேண்டிக்கினு கீறேன்,” என்றார் சவரிநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சவரிநாதன் காசிமேட்டுக் கட்டுமரக்காரர். அவர் மனைவி மதலேனைத் தெரியாதவர் அந்தத் தெருவில் யார்? மீன் கூடையோடு அவள் உள்ளே நுழைந்தால் பூனைகள்கூட மீன் ஆசையை விட்டுவிட்டுக் கூரை ஏறும். யுத்த காலத்தில் அபாயச் சங்கு பழுதானால் கவலையில்லை, மதலேனிடம் யாராவது பேரம் பேசினால் போதும், பட்டணமே பதுங்கு குழிக்குள் இறங்கிவிடும் என்பார்கள். ராசையாவே ஒருமுறை அவள் கூடையிலிருந்த வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாட்டன் பூட்டன் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றைய கூச்சலில் பட்டறையிலிருந்த தங்கப்பொடி எழும்பிக் கடலுக்கே பறந்துவிட்டதாக இன்றைக்கும் சொல்லுவார்.

“நல்ல வேண்டுதல்தான். கொஞ்ச காலமா அவ இந்தப் பக்கம் வரல, தெருவே நிம்மதியாத் தூங்குது. ஆனா அந்த நாக்க அடக்கறது மாதாவுக்கே சள்ள புடிச்ச வேல நைனா.”

சவரிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. பாவம், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பட்டானோ என்று ராசையா உருகிப்போனார்.

சவரிநாதன் கேட்டது சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ராசையா கூலியே வேண்டாமென்று அனுப்பிவிட்டு, தெருவின் சார்பில் தன் வெள்ளியையும் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாக்கை அடித்துத் தீட்டினார். அற்புதத்தைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று மாதா திருநாளன்று அதைத் தானே ராயபுரம் கோயிலுக்கு எடுத்துக்கொண்டும் போனார்.

கோயிலில் மாதாவின் காலடியை எட்டிப் பார்த்தார். அவர் பட்டறையில் பிறந்த கண்களும் கைகளும் அங்கே குவிந்து கிடந்தன. ஹார்பரில் மூட்டை விழுந்து கால் முடமான ஒருவர் வெள்ளிக் காலை வைத்துவிட்டு ஊன்றுகோலோடு திரும்பினார். கால் அப்படியேதான் இருந்தது. முகம் மட்டும் வேறாகியிருந்தது.

மதலேன் முழங்காலில் இருந்தாள். யாரோ ஒருவன் அவள் முந்தானையை மிதித்துக்கொண்டு போனான். சத்தமில்லை. மெழுகுவத்தி ஒன்று அவள் கையிலேயே சொட்டியது. அதற்கும் சத்தமில்லை.

ராசையா நாக்கைச் சவரிநாதனிடம் கொடுத்துவிட்டுக் காதைக் கடித்தார். “வைக்கறதுக்கு முன்னாடியே பலிச்சிப்போச்சே, நைனா.”

சவரிநாதன் இல்லை என்று தலையசைத்தார். நாக்கை மனைவியின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் ஏந்திக்கொண்டு மாதாவை அண்ணாந்து பார்த்தார்.

“எம் புள்ளைய அலை இட்டுக்கினு போன நாள்லேர்ந்து இவ ஒரு வார்த்த பேசல, தாயே. அழக்கூட இல்ல. என்னத் திட்டறதுக்காச்சும் இவ நாக்கத் திருப்பிக் குடுத்துடு.”

ராசையா பின்வாங்கித் தூணோரம் ஒதுங்கினார்.

மதலேன் கையிலிருந்ததைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உதடு துடித்தது. கண்ணீர் பொலபொலவென்று வெள்ளியின்மேல் விழுந்தது.

“எந்தக் கட்டைல போறவன் பண்ணான் இத்த?” துருப்பிடித்த கதவுபோல ஒரு குரல் கிளம்பி, அடுத்த மூச்சில் கோயில் மணியைத் தொட்டது. “நாக்கா இது? வவ்வா மீனாட்டம் கீது. எனுக்கு இம்மாம் பெருசாவா கீது?”

“நான்தாம்மா,” என்று கைகூப்பியபடி அவள் முன்னால் போய் நின்றார் ராசையா. “இன்னும் கொஞ்சம் திட்டு.”