எலுமிச்சை மணக்கும் ட்ரே

“என்னம்மா, ஒரு கிருமியாவது கெடச்சுதா?”

அக்காவின் கணவர் கேட்டார். எங்கள் ஆய்வகத்தில் ஆடாமல் நிற்கிற ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைகளில் இறைச்சி அடைத்து விற்கும் ட்ரேக்களைத் தயாரிக்கிறவர்.

அவற்றில் ஒட்டியிருக்கும் கிருமிகளை எண்ணுவது என் உத்தியோகம். ட்ரேயைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அதைக் கிருமிகளுக்கான தீனி ஊற்றி வைத்த கண்ணாடித் தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கிருமியும் குடும்பமாகப் பெருகி ஒரு புள்ளியாக நிற்கும். புள்ளியை எண்ணினால் சம்பளம்.

மாமாவின் ட்ரேக்களில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆப்பரேஷன் தியேட்டர்களே வெட்கப்பட வேண்டும்.

சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, வந்த ட்ரேக்களில் ஒன்றில் நாங்களே கொஞ்சம் கிருமியை விடுவது வழக்கம். அது முளைத்தே ஆக வேண்டும். நான் ஆசையாக வளர்த்து விட்ட கிருமியும் பூண்டோடு ஒழிந்திருந்தது.

ட்ரேயை முகர்ந்து பார்த்தேன். தரை துடைக்கிற மருந்தின் எலுமிச்சை வாசனை கமகமவென்று வந்தது. சோதனைக்கு வந்தவற்றை மட்டும் குளிப்பாட்டிச் சிங்காரித்து அனுப்பியிருக்கிறார்.

“மாமா, நான் விட்ட கிருமியும் செத்துப்போச்சு.”

“பாத்தியா! நம்ம ட்ரே கிருமியக் கொல்லுது. அதையும் சேத்து எழுதிடு.”

மனிதர் முகத்தில் துளி வெட்கமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அக்காவின் முகமும் வந்தது. ட்ரே சுத்தம் என்று எங்கள் அறிக்கை கிடைக்காவிட்டால் பெரிய கடையின் ஆர்டர் போய்விடும். அக்கா வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஆர்டரில்தான். காலையில் ஃபோனில் அழுதாள்.

கையெழுத்துப் போட்டால் யார் வீட்டுக் குழந்தைக்கோ வயிற்றால் போகும். யாரோதானே? பேனாவைத் திறந்துவிட்டேன். அவ்வளவு நல்லவள் நான்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

“நல்ல எளங்கறி. அக்கா குடுத்தனுப்புனா. பசங்களுக்கு சமைச்சுக் குடு.”

“டப்பா எதுக்கு மாமா? நம்ம ட்ரேலயே வச்சுக் கொண்டாந்திருக்கலாமே?”

“சேச்சே!” அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “நம்ம பிள்ளைங்க சாப்பிடறதும்மா!”

‘சோதனைக்கு வந்த மாதிரி ட்ரேக்கள் செல்லாது, தொழிற்சாலைக்கே போய் வேறு எடுக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கறியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.