சிவப்புப் புள்ளி

மாமியார் பஞ்சாலை எப்போது சத்தம் போட்டாலும் மருமகள் மோகனாவின் கைப்பேசியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. மகன் சுகுமாறன் காரைப் பின்னால் எடுத்தபோது பஞ்சாலை போட்ட கூச்சலையும் மோகனா பதிவு செய்துவிட்டாள்.

எஸ்டேட்டில் இருபது வருஷம் மண்டோராக ஆட்களை மேய்த்தவளுக்கு இதுகூடவா புரியாது? மகனைப் பிரித்துக்கொண்டு போக ஆதாரம் சேர்க்கிறாள்!

“யார்கிட்ட போட்டுக் கொடுக்கப் போற? போலீஸ்லயா?”

“நாளைக்கு நீங்களும் உங்க மகனும் என் ஆபீஸுக்கு வாங்க அத்தை, காட்டுறேன்.”

மறுநாள், பகாவ் நகரில் மோகனாவின் அலுவலகத்தில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில், செம்பனைக் காட்டுக்குள் ஆளில்லா டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை இங்கிருந்தே ஓட்டும் திரையை வடிவமைக்கும் குழுவுக்கு மோகனாதான் தலைவி. திடீரென்று டிராக்டருக்குக் குறுக்கே ஒரு மாடு வந்தது.

“டேய், நிறுத்துடா! கண்ணு எங்கடா இருக்கு?”

திரை அலறியது, பஞ்சாலையின் குரலில். திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார்.

“பீப் சத்தத்த யாரும் மதிக்கல, அத்தை. இதுக்கு நிறுத்தாத ஆளே இல்லலா. முன்னாடியே சொல்லியிருந்தா தேனாப் பேசியிருப்பீங்க. நீங்க சரின்னாதான் வைப்பேன்.”

பஞ்சாலை நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த சுகுமாறன், உள்ளே வைக்கத் தூக்கிய காலை இன்னும் இறக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.